ரன்னுக்கு நாற்பத்தோரு அர்த்தம்

காலை பத்து மணிக்கு ராஜவேலு மூன்றாவது தடவையாகத் தூங்கப் போனான்.

முதல் தடவை படுத்தபோது பக்கத்து வீட்டுக் கங்கம்மாவின் சேவல் கூவியது. பொழுது விடிந்து இரண்டு மணி நேரம் ஆகியும் அந்தச் சனியனுக்குச் சந்தேகம் தீரவில்லை. இரண்டாவது தடவை படுத்தபோது பாத்திரத்துக்கு ஈயம் பூசுகிறவன் வந்து, சரியாக அவன் வீட்டு ஜன்னலுக்கு நேரே நின்று கூவினான். மூன்றாவது தடவை காதில் பஞ்சை அடைத்து, போர்வையைத் தலைவரை இழுத்து, சுவர்ப் பக்கம் திரும்பியபோது யாரோ கதவைத் தட்டினார்கள்.

"தூங்கறாருண்ணா," என்று வாசலில் அவன் மனைவி குணசுந்தரி கிசுகிசுத்தாள். அந்த வீட்டில் கிசுகிசுப்புதான் தாய்மொழி. பிள்ளைகள் சண்டை போட்டால்கூடக் கிசுகிசுப்பாகத்தான் போடும்.

"எழுப்பும்மா. தலை போற சமாச்சாரம்," என்றது வெளியிலிருந்து ஒரு குரல்.

கம்பெனி ஆபீஸ் பியூன் சின்னராசுவின் குரல் அது. ராஜவேலு எழுந்து உட்கார்ந்தான். கண்கள் இரண்டும் மிளகாய்ப் பழமாகச் சிவந்திருந்தன.

கும்மிடிப்பூண்டிக்கு ஒரு மைல் தள்ளி இருந்த இரும்பு வார்ப்படக் கம்பெனியில் ராஜவேலுவுக்கு உலையடியில் வேலை. உலையை ராத்திரியில் அணைக்கக் கூடாது. யாராவது பார்த்துக்கொள்ள வேண்டும். "ஒரு வருஷம் மட்டும் நைட் ஷிஃப்ட் பார்த்துக்கோ, அப்பால மாத்தி உடறேன்" என்று அந்தக் காலத்து ஃபோர்மேன் சொன்னார். அது நடந்து ஒன்பது வருஷம் ஆகிறது. ஃபோர்மேன் ரிட்டயர் ஆகி, செத்தும் போனார். மாற்றி விடத்தான் ஆள் இல்லை.

ஒன்பது வருஷம்! சும்மாவா? ஊர் படுக்கிற நேரத்தில் டிபன் கேரியரைத் தூக்கிக்கொண்டு கிளம்ப வேண்டும். ஊர் பல் விளக்குகிற நேரத்தில் வந்து படுக்க வேண்டும். வார லீவு நாளிலாவது தூங்கலாம் என்றால், உடம்பு கேட்காது. கூரையைப் பார்த்தபடி ஊருக்கே காவல் காப்பான். இரண்டாம் வகுப்புப் படிக்கிற சின்ன மகளிடம் ஸ்கூலில், "உங்க அப்பா இன்னா வேலை செய்றாரு?" என்று டீச்சர் கேட்டதற்கு, "தூங்கறாரு டீச்சர்" என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறாள். அன்றைக்கு அவனுக்கு அழுகையே வந்துவிட்டது. எல்லாரையும் போல ராத்திரி ஒன்பது மணிக்குப் பிள்ளைகள் பக்கத்தில் படுத்து, காலையில் எழுந்திருக்க வேண்டும். அவன் உலகத்தில் கேட்டதெல்லாம் அது ஒன்றுதான்.

"ஆபீஸ்ல ஆள் எடுக்கறாங்க," என்றார் சின்னராசு, மோடாவில் குந்தியபடி. "நாற்காலி வேலை. கம்பெனி ஆளா இருந்தா ரொம்ப நல்லதாம். எஸ்.எஸ்.எல்.சி. பாஸ் ஆகியிருக்கணும். நீ பாஸ்தானே நைனா?"

ராஜவேலுவுக்குத் தூக்கம் பறந்துவிட்டது. நாற்காலி வேலை! அந்தக் கம்பெனியில் சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும்: நின்று பார்க்கிற வேலைக்கு மூன்று ஷிஃப்ட், உட்கார்ந்து பார்க்கிற வேலைக்கு ஜெனரல் ஷிஃப்ட். காலை எட்டரைக்குப் போனால் சாயங்காலம் ஐந்து மணிக்கு வீடு.

"பாஸ்தான். இங்கிலீஷ்ல நாப்பது மார்க்கு."

"அங்கதான் கீது பேஜாரு. புது மேனேஜர் பம்பாய்க்காரு. எளுதச் சொல்ல மாட்டாராம். ஒரே ஒரு இங்கிலீஷ் வார்த்தைய சொல்லி, இதுக்கு எத்தினி அர்த்தம் தெரியும், சொல்லுன்னு கேப்பாராம். போன கம்பெனிலயும் அப்டிதானாம். அவரு டிரைவர் சொன்னான்." சின்னராசு குரலைத் தாழ்த்தினார். அந்த வீட்டில் அதற்கு மேல் தாழ்த்த இடம் இல்லாததால் காதருகே வந்தார். "இன்ட்டர்வியூ வர்ற வெள்ளிக்கெழமைக்கு அடுத்த வெள்ளி. வார்த்தை இன்னான்னு மேஜை மேல எளுதி வெச்சிருந்தாரு. மூணே எழுத்து. ரன்."

"ரன்னா? ஓடுறது. அவ்ளோதானே?"

"அவ்ளோதான்னா அவரு ஏன் நைனா அத்த கேக்கப் போறாரு?" என்று சொல்லிவிட்டு, குணசுந்தரி கொடுத்த டீயைக் குடித்துச் சின்னராசு போய்விட்டார்.

ராஜவேலு மறுபடி படுத்தான். ஓடுவது. கிரிக்கெட்டில் எடுப்பது. இரண்டாயிற்று. மூன்றாவது வரவில்லை. தூக்கமும் வரவில்லை.

மறுநாள் காலை ஷிஃப்ட் முடிந்ததும் வீட்டுக்குப் போகாமல் நேரே மிஷன் ஸ்கூலுக்குப் போனான். ஜோசப் வாத்தியார் அங்கே இருபத்திரண்டு வருஷமாக இங்கிலீஷ் சொல்லிக்கொடுக்கிறார். ஒரு வார்த்தைக்கு என்ன அர்த்தம் என்று தானாக வந்து கேட்ட முதல் ஆள் ராஜவேலுதான். மனுஷனுக்குக் கண் கலங்கிவிட்டது. பீரோவைத் திறந்து, தலையணை கனத்துக்கு ஓர் அகராதியை எடுத்து, தூசி தட்டி, பிரித்தார்.

அந்த மூன்றெழுத்து வார்த்தை ஒரு பக்கத்தில் ஆரம்பித்தது. அடுத்த பக்கத்துக்குப் போயிற்று. அதற்கும் அடுத்த பக்கத்துக்குப் போயிற்று.

"ஐயா, இன்னாய்யா இது?" என்றான் ராஜவேலு.

"கவலையே படாதே. குழாயில தண்ணி வர்றது ரன். மூக்கு ஒழுகுறது ரன். கடை நடத்துறது ரன். சினிமா நூறு நாள் ஓடுறது ரன். காய்ச்சல் அடிச்சா ரன். எலெக்ஷன்ல நின்னா ரன்."

"நின்னா எப்பிடிய்யா ரன்? நிக்கிறாரே!"

"நம்மூர்லதான்ப்பா நிக்கிறாங்க. அவங்க ஊர்ல ஓடுறாங்க." ஜோசப் வாத்தியாருக்கு உற்சாகம் தலைக்கேறிவிட்டது. "ஒரே நாள்ல முடியாது. தினம் பத்து மணிக்கு எனக்கு ஒரு பீரியட் காலி. தவறாம வந்துடு. வரலைன்னா நானே உன் வீட்டுக்கு வந்துடுவேன்."

ஆக, பகல் தூக்கத்தில் பாதி போயிற்று.

வீட்டுக்கு வந்து குணசுந்தரியிடம் சொன்னான். அவள் கேட்டுவிட்டு, "மூக்குக்கும் அதே, எலெக்ஷனுக்கும் அதேவா? இன்னாய்யா இது, ஒரே சட்டைய ஊட்ல எல்லாரும் மாத்தி மாத்திப் போட்டுக்கற மாதிரி! வெள்ளைக்காரனுக்கு வேற வார்த்தை கெடைக்கலயாமா?" என்றாள். ஆனாலும் புருஷனுக்கு ஜெனரல் ஷிஃப்ட் கிடைப்பதென்றால் சும்மா இருப்பாளா? அந்த லைனில் மொத்தம் எட்டு வீடு. எட்டு வீட்டிலும் போய், "உங்களுக்கு ரன்னு தெரிஞ்சா வந்து சொல்லுங்க" என்று உதவி கேட்டுவிட்டு வந்தாள்.

நல்லெண்ணத்தில்தான் செய்தாள். பாவம், அவளைக் குற்றம் சொல்ல முடியாது. ஆனால் அன்றிலிருந்து கதவு தட்டுவது நிற்கவில்லை. தூங்கிக்கொண்டிருந்தவனை எழுப்பி, "மோட்டார் ஓடுறது எளுதிட்டியாப்பா?" என்று கேட்டார் மூன்றாம் வீட்டு இராமலிங்கம். பஸ் கண்டக்டரின் மனைவி வந்து, அவர்கள் பஸ் பொன்னேரிக்கு நாலு ரன் போகிறது என்றாள். ஐந்தாம் வீட்டுக் கன்னியம்மாள் வந்து, தன் நாத்தனார் ஒருத்தனோடு ஓடிப்போன கதையை ஆதியோடு அந்தமாகச் சொல்லி, "இதுவும் சேருமா தம்பி?" என்று கேட்டாள். சேரும் என்றான். சொல்லி முடிக்க ஒன்றரை மணி நேரம் ஆயிற்று.

கோழியை அடைக்கிற கம்பி வலைக்கும் அதே பெயர்தான் என்று ஜோசப் வாத்தியார் சொன்னதை, கங்கம்மாவிடம் அவன் வாய் தவறிச் சொல்லிவிட்டான்.

"அப்பிடியா நைனா? என் கோழியும் உனுக்கு ஒதவுதா?" என்று கங்கம்மாவுக்கு வாயெல்லாம் பல். உடனே கம்பி வலை வாங்கிவந்து, அவன் படிப்புக்குத் தோதாக இருக்கட்டும் என்று, அவன் படுக்கிற ஜன்னலுக்கு அடியிலேயே கட்டி, சேவலை அதில் விட்டாள்.

நாலாவது நாள் வந்து பார்த்தால், இன்ட்டர்வியூவுக்கென்று எடுத்து வைத்திருந்த ஒரே வெள்ளைச் சட்டை கொடியில் ரோஜா நிறத்தில் தொங்கியது. குணசுந்தரி கையைப் பிசைந்துகொண்டு நின்றாள். "செவப்புப் பொடவையோட சேத்து ஊற வெச்சிட்டேன்யா. சாயம் எறங்கிடுச்சி."

ராஜவேலு சட்டையையே பார்த்தான். அவன் முகம் மெல்ல மலர்ந்தது. "ரன்!" என்றான். "சாயம் எறங்கறதும் ரன்தான்! பதினெட்டு!"

அவள் ஒரு நிமிஷம் அவனை உற்றுப் பார்த்தாள். திட்டியிருந்தால் தாங்கியிருப்பாள். "எனுக்கு பயமா கீதுய்யா. அந்த வேலையே நமக்கு வோணாம். மொதல்ல நீ தூங்கு," என்று அழ ஆரம்பித்துவிட்டாள்.

"இன்னும் அஞ்சு நாளுதான், குணா. அப்பால வாழ்நாள் பூரா தூக்கம்தான்," என்றான் அவன். சொல்லும்போதே நின்றபடி கண் சொக்கியது.

வீட்டில் தூங்கவும் முடியாது, படிக்கவும் முடியாது என்றாகிவிட்டதால், அடுத்த நாள் ரயில்வே ஸ்டேஷனுக்குப் போனான். ரயில்வேயில் ரன்னிங் ரூம், ரன்னிங் ஸ்டாஃப் என்றெல்லாம் உண்டு என்று வாத்தியார் சொல்லியிருந்தார். வடக்கே போகிற பாசஞ்சர் வண்டி நின்றிருந்தது. கார்டு நல்ல மனுஷன். "உள்ள ஏறி உக்காருங்க, சொல்றேன்" என்றார். வண்டி கிளம்ப இன்னும் பத்து நிமிஷம் இருந்தது.

ராஜவேலு உட்கார்ந்தான். மரப் பெஞ்சு. வெளியே வேப்பமரக் காற்று. சேவல் இல்லை, கன்னியம்மாளின் நாத்தனார் இல்லை. கார்டு முதல் வாக்கியத்தைச் சொல்லி முடிப்பதற்குள் இவன் குறட்டை விட ஆரம்பித்தான்.

கண் விழித்தபோது ஸ்டேஷன் பலகையில் தெலுங்கு எழுத்து. கூடூர். ஆந்திரா.

"எழுப்பலாம்னுதான் பார்த்தேன்," என்றார் கார்டு சங்கடத்தோடு. "பச்சைக் குழந்தை மாதிரி தூங்கினீங்க. மனசு வரலை."

திரும்பி வருகிற வண்டி கிடைத்து ஊர் வந்து சேர்வதற்குள் அன்றைய ஷிஃப்ட் போய்விட்டது. ஒன்பது வருஷத்தில் முதல் ஆப்சென்ட். அதுவும் இன்ட்டர்வியூவுக்கு நாலு நாள் இருக்கும்போது! ஏன் வரவில்லை என்று இங்கிலீஷில் எழுதிக் கொடுக்கும்படி மேனேஜரிடமிருந்து மெமோ வந்தது.

ராஜவேலு உட்கார்ந்து எழுதினான். இங்கிலீஷ் என்று பேனாவைத் திறந்தால் அவனுக்கு ஒரு வார்த்தைதான் வந்தது. வேறெதற்கும் மண்டையில் இடம் இல்லை. குழந்தைக்கு மூக்கு ரன். உடம்பில் காய்ச்சல் ரன். வீட்டில் மருந்து ரன் அவுட். டாக்டரிடம் நான் ரன். டாக்டர் அன்றைக்குக் கிளினிக் ரன் செய்யவில்லை. திரும்பும்போது பஸ் ரன் ஆகிவிட்டது. இப்படி ஒரு பக்கம். ஜோசப் வாத்தியார் படித்துப் பார்த்தார். அவரால் எதையும் திருத்த முடியவில்லை. எண்ணி மட்டும் சொன்னார்: பதினாலு.

மறுநாள் சின்னராசு வந்தார். "மேனேஜர் உன் கடுதாசிய ரெண்டு தபா படிச்சாரு. சிரிச்சாரு. அப்பால மேஜைக் கண்ணாடிக்கு அடில சொருகிகினாரு."

"நல்லதுக்கா, கெட்டதுக்கா?"

"தெர்லயே நைனா."

அந்தக் கவலையில் மிச்சமிருந்த தூக்கமும் போயிற்று. அன்றைய ஷிஃப்டில் உலையடியில் நின்றபடியே கண் அயர்ந்துவிட்டான். கூட வேலை பார்த்த ராஜமாணிக்கம் சட்டைக் காலரைப் பிடித்து இழுக்காமல் போயிருந்தால் காய்ச்சிய இரும்பில் கால் வைத்திருப்பான். "சாவறதுக்கு இங்கதான் எடம் கெடைச்சிதாடா?" என்று ராஜமாணிக்கம் கத்தினான். இந்த வேலை கிடைக்காவிட்டால் இனி உயிரோடு இந்த உலையடியில் தன்னால் நிற்க முடியாது என்று ராஜவேலுவுக்கு அன்றைக்குத்தான் உறைத்தது.

வெள்ளிக்கிழமை வந்தது. ரோஜா நிறச் சட்டையைப் போட்டுக்கொண்டு போனான். அவனைத் தவிர வந்திருந்தது ஒரே ஓர் ஆள். ஆசீர்வாதம் என்று பெயர். பேக்கிங் செக்‌ஷனில் இருக்கிறவன்; ஒற்றை நாடி; பொன்னேரியில் டைப்ரைட்டிங் படித்தவன். அவனுக்கு வார்த்தை தெரியாது, பாவம். முதலில் அவனைக் கூப்பிட்டார்கள். இரண்டு நிமிஷத்தில் வெளியே வந்தான்.

"இன்னா கேட்டாங்க?" என்றான் ராஜவேலு, ஒன்றும் தெரியாதவன் போல.

"ரன்னுன்னா இன்னான்னு கேட்டாரு. ஓடுறதுன்னேன். வேற? அப்டின்னாரு. வேகமா ஓடுறதுன்னேன். அனுப்சிட்டாரு."

ராஜவேலு அனுதாபத்தோடு அவன் தோளைத் தட்டிவிட்டு உள்ளே போனான்.

மேனேஜர் அந்த வார்த்தையைச் சொன்னதுதான் தாமதம், இவன் மடை திறந்தான். தண்ணீர், மூக்கு, மோட்டார், சினிமா, எலெக்ஷன், காய்ச்சல், கோழி வலை. சாயத்துக்குத் தன் சட்டையையே தொட்டுக் காட்டினான். மேனேஜர் முதலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார், பிறகு நிமிர்ந்தார், பிறகு பென்சிலை எடுத்துக் கோடு போட்டு எண்ண ஆரம்பித்தார். பக்கத்து அறையிலிருந்து அக்கவுன்டன்ட்டைக் கூப்பிட்டு நிற்க வைத்துக் கேட்கச் சொன்னார். நாற்பத்தோராவது அர்த்தத்தில் ராஜவேலுவுக்குத் தொண்டை கட்டிவிட்டது.

மேனேஜர் எழுந்து மேஜையைச் சுற்றி வந்து கை கொடுத்தார். இப்படி ஓர் ஆளைத்தான் வந்த நாளிலிருந்து தேடிக்கொண்டிருந்ததாகவும், உலையடி வேலையை இன்றோடு விட்டுவிட்டு, திங்கட்கிழமையிலிருந்து ஆபீஸுக்கு வந்துவிட வேண்டும் என்றும் இங்கிலீஷில் சொன்னார். ராஜவேலுவுக்கு அத்தனையும் புரிந்தது. அதுதான் அவனுக்கு ஆச்சரியம்.

ஞாயிற்றுக்கிழமை அந்த லைன் வீடுகளில் ஒரே கொண்டாட்டம். ஜோசப் வாத்தியார் புதுச் சட்டை போட்டுக்கொண்டு வந்து, தன் மாணவன் என்று எல்லாரிடமும் சொன்னார். குணசுந்தரி பிள்ளைகளைப் பார்த்து, "சத்தமா பேசுங்கடி! எவ்ளோ வோணும்னாலும் கத்துங்க!" என்றாள். பிள்ளைகளுக்குக் கத்த வரவில்லை. பழக்கம் இல்லை. சொல்லிக் கொடுக்க வேண்டியிருந்தது. நாளைக்கு ராத்திரி நாலு பேரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடப் பழவேற்காட்டு இறால் சொல்லி வைத்திருந்தாள். புதுப் பாய் ஒன்றும் வாங்கியாயிற்று.

கங்கம்மா வந்து, "நைனா, உன் சந்தோசத்துக்கு இந்தச் சேவல அறுத்துக் கொழம்பு வெச்சிடட்டுமா?" என்று கேட்டாள்.

ராஜவேலு சேவலைப் பார்த்தான். சேவலும் அவனைப் பார்த்தது. "பாவம், வாயில்லா ஜீவன். பொழச்சிப் போவட்டும் உடு. இனிமே பகல்ல நான் எங்க தூங்கப் போறேன்?" என்றான். அது போதாதென்று, அதற்கு ஒரு ஜோடி கோழி வாங்கி விடும்படி யோசனையும் சொன்னான். சந்தோஷத்தில் மனுஷன் என்னதான் பேச மாட்டான்!

திங்கட்கிழமை காலை எட்டேகாலுக்கெல்லாம் ஆபீஸ் வாசலில் நின்றான். தலைக்கு எண்ணெய் தேய்த்து வாரியிருந்தான். ஊரோடு சேர்ந்து எழுந்து, ஊரோடு சேர்ந்து நாஷ்டா பண்ணி, ஊரோடு சேர்ந்து வேலைக்கு வந்திருக்கிறான். வழியில் எதிர்ப்பட்ட எல்லாரும் அவன் கண்ணுக்கு நல்லவர்களாகத் தெரிந்தார்கள்.

உள்ளே நுழைந்தான். ஜன்னல் ஓரம் புது மேஜை, புது நாற்காலி. அந்த நாற்காலியில் ஆசீர்வாதம் உட்கார்ந்து டைப் மெஷினைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

"நீ எங்க இங்க?" என்றான் ராஜவேலு. "நீதான் பெயில் ஆயிட்டியே?"

"வேலைக்கு வரச் சொன்னாங்கண்ணே. ஜெனரல் ஷிஃப்ட்," என்றான் ஆசீர்வாதம் பயந்துபோய்.

தண்ணீர்ப் பானையைத் தூக்கிக்கொண்டு வந்த சின்னராசு இவனைக் கண்டதும் நின்றுவிட்டார். "அட, இன்னா நைனா, காலங்காத்தால வந்து நிக்கற? ஊட்டுக்குப் போய்ப் படு, போ. உன் டியூட்டி ராத்திரி பத்து மணிக்கில்ல?"

"ராத்திரியா?" ராஜவேலு புது மேஜையைக் காட்டினான். "ஆபீஸ் வேலைண்ணா இது! நாப்பத்தோரு அர்த்தம் சொல்லியிருக்கேன்! ஒண்ணுமே தெரியாத இவனுக்குப் பகலு, எனுக்கு ராத்திரியா?"

சின்னராசு பானையை மெல்லக் கீழே வைத்தார்.

"பம்பாய்லருந்து ட்ரங்க் கால் போனெல்லாம் ராத்திரிலதான வருது? பகல்ல இங்கிலீஷ் பேச மேனேஜரே கீறாரு, நைனா. ராத்திரிக்குத்தான் ஆள் இல்லாம தேடிக்கினு இருந்தாங்க."